"எத்தனைக்கு 231?": டி-ஸ்கோரைக் கையால் போட்டுப் பார்ப்போம்

என் மூத்த மகள் 2016இல் சிங்கப்பூரில் தொடக்கநிலை 6 முடித்தாள். பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, உயர்நிலைப் பள்ளியில் இடம் இதை வைத்துத்தான்) முடிவு வந்த அன்று மாலை ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, "231 வாங்கியிருக்காம்மா" என்றேன்.

"எத்தனைக்கு?" என்று கேட்டார் அம்மா. "நாலு பாடம்னியே, நானூறுக்கா? அப்போ குறைச்சல்தானே?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. டி-ஸ்கோர் என்று சொல்லப்பட்ட அந்த எண் 400க்கு இல்லை, 300க்கும் இல்லை, எதற்குமே இல்லை. அது எப்படி வருகிறது என்று அன்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்த பிறகுதான், பல ஆண்டுகளாக நாமெல்லாம் பேசிக்கொண்டிருந்த ஓர் எண்ணின் பொருளே தெரியாமல் பேசியிருக்கிறோம் என்று புரிந்தது. 2021 முதல் அந்த முறை இல்லை. ஆனாலும் உலகத்தில் பல தேர்வுகள் இன்னும் இதே கணக்கில்தான் பிள்ளைகளை வரிசைப்படுத்துகின்றன. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். வர்க்கமூலத்துக்கு மட்டும் கால்குலேட்டர்.

முதலில் ஐந்து பிள்ளைகளை வைத்துக்கொள்வோம். பெயர்களும் மதிப்பெண்களும் நான் உண்டாக்கியவை. பாடம் இரண்டு போதும், ஒவ்வொன்றும் நூற்றுக்கு.

கவின்: கணிதம் 85, அறிவியல் 80
மீரா: கணிதம் 75, அறிவியல் 86
நூர்: கணிதம் 70, அறிவியல் 74
வெய்: கணிதம் 65, அறிவியல் 82
ரவி: கணிதம் 55, அறிவியல் 78

சும்மா கூட்டினால் கவின் 165, மீரா 161, வெய் 147, நூர் 144, ரவி 133. கவின்தான் முதல். இதை ஓர் ஓரத்தில் எழுதி வையுங்கள், பிறகு வேண்டும்.

படி 1: சராசரி

கணித மதிப்பெண்களைக் கூட்டினால் 350. ஐந்தால் வகுத்தால் 70. அறிவியலில் கூட்டல் 400, சராசரி 80. அவ்வளவுதான்.

படி 2: சராசரியிலிருந்து எவ்வளவு தூரம்

ஒவ்வொருவர் மதிப்பெண்ணிலிருந்தும் சராசரியைக் கழியுங்கள். கணிதத்தில் கவினுக்கு +15, மீராவுக்கு +5, நூருக்கு 0, வெய்க்கு –5, ரவிக்கு –15. அறிவியலில் கவினுக்கு 0, மீராவுக்கு +6, நூருக்கு –6, வெய்க்கு +2, ரவிக்கு –2. எல்லாவற்றையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கழித்தலில் தவறு. மேலே போகாமல் அங்கேயே திருத்திவிடுங்கள்.

படி 3: மதிப்பெண்கள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன

கணக்கின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது, கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இதைத் திட்ட விலக்கம் என்கின்றன, இலங்கையில் நியம விலகல் என்பார்கள். பெயர் பயமுறுத்தினாலும் பொருள் எளியது: பிள்ளைகள் சராசரியைச் சுற்றி நெருங்கி நிற்கிறார்களா, சிதறி நிற்கிறார்களா என்பதைச் சொல்லும் ஓர் எண்.

படி 2இல் வந்த தூரங்களை ஒவ்வொன்றாக வர்க்கப்படுத்துங்கள். கணிதத்தில் 225, 25, 0, 25, 225. கூட்டினால் 500. ஐந்து பிள்ளைகள், ஆகவே ஐந்தால் வகுத்தால் 100. அதன் வர்க்கமூலம் 10. கணிதத்தின் திட்ட விலக்கம் 10.

அறிவியலில் 0, 36, 36, 4, 4. கூட்டினால் 80, வகுத்தால் 16, வர்க்கமூலம் 4.

இந்த 10ஐயும் 4ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணிதத்தில் பிள்ளைகள் 55இலிருந்து 85 வரை சிதறிக் கிடக்கிறார்கள். அறிவியலில் 74க்கும் 86க்கும் நடுவே எல்லோரும் ஒட்டி நிற்கிறார்கள். ஒட்டி நிற்கும் கூட்டத்தில் ஆறு மதிப்பெண் முன்னே போவது, சிதறிய கூட்டத்தில் ஆறு மதிப்பெண் முன்னே போவதைவிடப் பெரிய காரியம். டி-ஸ்கோரின் வாதம் முழுவதும் இதுதான்.

கால்குலேட்டரிலோ கணினியிலோ இதைப் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அதில் இரண்டு வகைத் திட்ட விலக்கம் இருக்கும். ஒன்று ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கும், மற்றது அதில் ஒன்று குறைத்து வகுக்கும். ஒன்று குறைப்பது, ஒரு பெரிய கூட்டத்திலிருந்து சிலரை மட்டும் எடுத்துப் பார்க்கும்போது. நம்மிடம் எல்லோருமே இருக்கிறார்கள், அதனால் முழு எண்ணிக்கையால் வகுப்பதுதான் சரி.

படி 4: தூரத்தைத் திட்ட விலக்கத்தால் வகுத்தல்

கணிதத்தில் கவினின் 15ஐ 10ஆல் வகுத்தால் 1.5. அறிவியலில் மீராவின் 6ஐ 4ஆல் வகுத்தால் அதே 1.5. இருவரும் தத்தம் பாடத்தில் சராசரியிலிருந்து ஒன்றரைத் திட்ட விலக்கம் முன்னே நிற்கிறார்கள்.

இலங்கை வாசகர்களுக்கு இந்த எண் பழக்கமானதுதான். உயர்தரப் பரீட்சைக்குப் பின் பல்கலைக்கழக அனுமதிக்கு 2001 முதல் பயன்படும் இசட் புள்ளி இதன்மீதுதான் நிற்கிறது. அங்கே இந்த இடத்திலேயே நிறுத்திப் பாடங்களின் சராசரியை எடுக்கிறார்கள்.

படி 5: பத்தால் பெருக்கி ஐம்பதைக் கூட்டல்

1.5, –0.5 என்றெல்லாம் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியாது. எனவே பத்தால் பெருக்கி 50ஐக் கூட்டுகிறார்கள். சராசரி எடுத்த பிள்ளைக்கு எந்தப் பாடத்திலும் 50 வரும்.

கவின்: கணிதம் 65, அறிவியல் 50, மொத்தம் 115
மீரா: கணிதம் 55, அறிவியல் 65, மொத்தம் 120
நூர்: கணிதம் 50, அறிவியல் 35, மொத்தம் 85
வெய்: கணிதம் 45, அறிவியல் 55, மொத்தம் 100
ரவி: கணிதம் 35, அறிவியல் 45, மொத்தம் 80

ஓரத்தில் எழுதி வைத்ததை இப்போது எடுங்கள். அங்கே கவின் முதல், இங்கே மீரா முதல். ஒரு மதிப்பெண்கூட மாறவில்லை. கணிதத்தில் கவின் 10 மதிப்பெண் முன்னே, ஆனால் அது ஒரு திட்ட விலக்கம்தான். அறிவியலில் மீரா 6 மதிப்பெண்தான் முன்னே, அதுவோ ஒன்றரை.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருவோம். பிஎஸ்எல்இயில் நான்கு பாடங்கள்: ஆங்கிலம், தாய்மொழி, கணிதம், அறிவியல். நான்கிலும் சரியாகச் சராசரி எடுத்த பிள்ளைக்கு நான்கு ஐம்பது, 200. என் மகளின் 231 என்றால் பாடத்துக்கு ஏறத்தாழ எட்டு கூடுதல், அதாவது சராசரியைவிட முக்கால் திட்ட விலக்கம் முன்னே. 231 என்ற எண்ணுக்கு மேல்வரம்பு கிடையாது, "இத்தனைக்கு" என்று சொல்லவும் வழி இல்லை. அவளுக்குக் கணிதம் எவ்வளவு தெரியும் என்று அது சொல்லவே இல்லை. அந்த ஆண்டு எழுதிய மற்றப் பிள்ளைகளிலிருந்து அவள் எவ்வளவு தள்ளி நின்றாள் என்பதை மட்டும்தான் சொன்னது.

படி 6: கூட்டத்தை மாற்றிப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எல்லாம் விளங்கியது இங்கேதான்.

மீராவின் கணித மதிப்பெண் 75 அப்படியே இருக்கட்டும். மற்ற நால்வருக்கும் ஐந்து ஐந்து கூட்டுங்கள், எல்லோரும் கூடுதலாகத் துணைப்பாட வகுப்புக்குப் போனார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது 90, 75, 75, 70, 60. சராசரி 74, திட்ட விலக்கம் கிட்டத்தட்ட 9.7. மீராவின் டி-ஸ்கோர் 55இலிருந்து 51க்கு இறங்கிவிட்டது. அவள் ஒன்றையும் மறக்கவில்லை, ஒரு கணக்கையும் தப்பாகப் போடவில்லை. பக்கத்துப் பிள்ளைகள் நகர்ந்தார்கள், அவள் பின்னே போனாள்.

இந்த முறைக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. வினாத்தாள் ஓர் ஆண்டு மிகக் கடினமாக வந்து எல்லோருக்கும் பத்துப் பத்துக் குறைந்தால், சராசரியும் பத்துக் குறையும், டி-ஸ்கோர் அசையாது. கடினத் தாளின் பழி பிள்ளைமேல் விழாது. ஆனால் அதே குணம்தான் பெற்றோரைத் துரத்தியது: என் பிள்ளை நன்றாகப் படித்தால் போதாது, மற்றவர் பிள்ளையைவிட நன்றாகப் படிக்க வேண்டும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். இந்தக் கணக்கைத் தமிழில் "தரப்படுத்தல்" என்று எழுதினால், இலங்கைத் தமிழர் பலருக்கு அது ஒரு காயத்தின் பெயர். 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழி மூலம் எழுதியவர்களையும் சிங்களமொழி மூலம் எழுதியவர்களையும் தனித்தனிக் கூட்டங்களாக வைத்து மதிப்பெண்களைத் தரப்படுத்தினார்கள். அப்புறம் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. கூட்டலும் வகுத்தலும் எங்கும் ஒன்றுதான். யாரை எந்தக் கூட்டத்தில் நிறுத்துவது என்ற முடிவுதான் அத்தனை பேரின் வாழ்க்கையைத் திருப்பியது. அதனால் எந்தத் தேர்வின் தரப்படுத்தலைப் பார்த்தாலும் படி 1இலேயே கேளுங்கள்: இந்தச் சராசரி யாருடைய சராசரி?

படி 7: இப்போதைய முறையோடு ஒப்பிடுதல்

2013 தேசிய தினக் கூட்ட உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், டி-ஸ்கோர் போய் அதைவிட அகலமான பிரிவுகள் வரும் என்று அறிவித்தார். 2021இல் பிஎஸ்எல்இ எழுதியவர்கள்தான் புதிய முறையின் முதல் அணி. இதில் மற்றவர் மதிப்பெண்ணுக்கு வேலை இல்லை. பிள்ளையின் மதிப்பெண் எந்தப் படிக்கட்டில் விழுகிறது என்பது மட்டுமே. அடைவுநிலை, சுருக்கமாக ஏஎல் என்பார்கள். 90ம் அதற்கு மேலும் ஏஎல் 1, 85–89 ஏஎல் 2, 80–84 ஏஎல் 3, 75–79 ஏஎல் 4, 65–74 ஏஎல் 5, 45–64 ஏஎல் 6, 20–44 ஏஎல் 7, அதற்கும் கீழே ஏஎல் 8. நான்கு பாடங்களின் நிலைகளைக் கூட்டினால் 4இலிருந்து 32க்குள் வரும், எண் குறையக் குறைய நல்லது. (இளையவன் 2023இல் 11 வாங்கினான் என்றதும் அம்மா பதறிப்போய்விட்டார்.)

நம் ஐவரையும் இதில் போட்டுப் பாருங்கள். கவினுக்கு 2ம் 3ம், கூட்டினால் 5. மீராவுக்கு 4ம் 2ம், 6. வெய்க்கு 5ம் 3ம், 8. நூருக்கு 5ம் 5ம், 10. ரவிக்கு 6ம் 4ம், அதே 10. கவின் மறுபடி முன்னே வந்துவிட்டான். நூரும் ரவியும் ஒன்றாகிவிட்டார்கள், உண்மையில் அவர்களுக்கு நடுவே 11 மதிப்பெண் இருந்தும்.

படிக்கட்டுகள் ஒரே அகலத்தில் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஏஎல் 2இலிருந்து 4 வரை ஐந்து ஐந்து மதிப்பெண், ஏஎல் 6இலோ இருபது. 64 எடுத்தவரும் 45 எடுத்தவரும் ஒரே நிலை. 89க்கும் 90க்கும் நடுவேயோ ஒரு கோடு. எனக்கு இது குறையாகவே தெரிகிறது. ஆனாலும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இதைத்தான் எடுப்பேன். 89 எடுத்த பிள்ளைக்கு என்ன செய்தால் 90 வரும் என்று என்னால் சொல்ல முடியும். 231ஐ 235 ஆக்க என்ன செய்ய வேண்டும் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

வரக்கூடிய மொத்த எண்கள் குறைந்ததால் சமநிலை அதிகம் வரும். ஓர் உயர்நிலைப் பள்ளியின் கடைசி இடத்துக்கு ஒரே மதிப்பெண்ணில் இருவர் நின்றால், முதலில் குடியுரிமை பார்ப்பார்கள், பிறகு அந்தப் பள்ளியை ஆறு விருப்பங்களில் எத்தனையாவதாக எழுதினார்கள் என்று பார்ப்பார்கள், அதற்கும் பிறகுதான் கணினிக் குலுக்கல். ஆகவே விருப்ப வரிசையை யோசித்து எழுதுங்கள், முன்பைவிட இப்போது அதற்கு எடை கூடுதல்.

பயிற்சிக்கு மூன்றாவது பாடம்

இதே ஐவரின் ஆங்கில மதிப்பெண்கள்: கவின் 72, மீரா 69, நூர் 81, வெய் 75, ரவி 63. டி-ஸ்கோரையும் ஏஎல் நிலையையும் போட்டு, முந்தைய இரண்டு பாடங்களோடு சேர்த்து வரிசைப்படுத்துங்கள். விடையைப் பார்க்குமுன் நீங்களே ஒருமுறை போட்டுவிடுங்கள்.

சராசரி 72, திட்ட விலக்கம் 6. ஆங்கில டி-ஸ்கோர் கவினுக்கு 50, மீராவுக்கு 45, நூருக்கு 65, வெய்க்கு 55, ரவிக்கு 35. மூன்று பாடத்துக்கும் சேர்த்துக் கவினும் மீராவும் 165இல் சமம், வெய் 155, நூர் 150, ரவி 115. ஏஎல் கூட்டினால் கவின் 10, மீரா 11, வெய் 12, நூர் 13, ரவி 16. வெறும் மதிப்பெண்ணைக் கூட்டினாலோ நூர் 225, வெய் 222. அங்கே மட்டும் நூர் வெய்க்கு முன்னே நிற்பாள்.