முக்கி இருமாமல் நெஞ்சுச் சளியை வெளியே கொண்டுவருவது எப்படி?

காலையில் எழுந்ததிலிருந்து லொக்கு லொக்கென்று இருமி, கண் சிவந்து, விலா வலித்து, கடைசியில் துப்பினால் வருவது துளியூண்டு சளி. மிச்சமெல்லாம் நெஞ்சிலேயே கரகரவென்று கிடக்கும். சிஓபிடி (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாகக் குறுகிப்போகும் நோய்), பிராங்கியெக்டாசிஸ் (மூச்சுக்குழாய்கள் நிரந்தரமாக விரிந்து தளர்ந்துபோகும் நோய்), பழைய டிபி விட்டுப்போன தழும்பு என்று நாள்பட்ட நுரையீரல் நோயோடு வாழ்பவர்கள் பலருக்கு இது தினப்படி வேலை. "தெம்பு இல்ல, அதான் சளி வரமாட்டேங்குது" என்பார்கள். தெம்பைக் கூட்டினால் இன்னும் வராது.

காரணம் இதுதான். இருமுவதற்கு முன் குரல்வளை ஒரு கணம் மூடிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது, பிறகு படாரென்று திறக்கிறது. நல்ல மூச்சுக்குழாய் அதைத் தாங்கும். நோயால் தளர்ந்துபோன குழாயோ அந்த அழுத்தத்தில் நசுங்கிச் சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ளும். சளி அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் சளிக்குப் பின்னால் காற்றை அனுப்ப வேண்டும், அப்புறம் அந்தக் காற்றை வைத்தே சளியை மெல்ல மேலே தள்ள வேண்டும். பிசியோதெரபிஸ்டுகள் இதை ஏசிபிடி (மூச்சுப் பயிற்சிகளைச் சுற்றுச் சுற்றாகச் செய்யும் முறை) என்பார்கள். லண்டன் பிராம்ப்டன் மருத்துவமனையில் 1970களின் பிற்பகுதியிலிருந்து மெருகேறிய முறை. கருவி தேவையில்லை, கரண்ட் தேவையில்லை.

யார் தானாகத் தொடங்கக் கூடாது

சமீபத்தில் சளியில் ரத்தம் வந்தவர்கள், நுரையீரல் வெடித்து நெஞ்சில் காற்று சேர்ந்தவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நெஞ்சிலோ வயிற்றிலோ கண்ணிலோ ஆபரேஷன் ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் முயல வேண்டாம். மற்றவர்களும் முதல் தடவை ஒரு பிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்துகாட்டிவிடுவது நல்லது. படித்துப் புரிந்துகொண்டது வேறு, நெஞ்சு செய்வது வேறு.

படி 1: நேரமும் இடமும்

சாப்பிடுவதற்கு முன், அல்லது சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து. வயிறு நிறைந்திருந்தால் குமட்டும், வாந்தி வரும். ராத்திரி முழுக்கச் சேர்ந்த சளிக்குக் காலை நேரம் தோது. சளி அதிகமுள்ளவர்கள் மாலையிலும் ஒருமுறை செய்யலாம், படுக்கப்போகும் கடைசி நேரத்தில் வேண்டாம். கைப்பிடி உள்ள நாற்காலி, மூடி போட்ட சிறு டப்பா, டிஷ்யூ, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும். வீட்டு ஆக்சிஜன் போட்டிருப்பவர்கள் அதைக் கழற்றாமலே செய்யலாம்.

படி 2: மருந்துகளின் வரிசை

வரிசை மாறினால் பாதி பலன் போய்விடும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து (பெரும்பாலும் சால்பியூட்டமால்) முதலில். கால் மணி நேரம் பொறுத்து, மருத்துவர் எழுதியிருந்தால் உப்புநீர் நெபுலைசர். அதன்பிறகு சளி எடுக்கும் பயிற்சி. ஸ்டீராய்டு இன்ஹேலரும் நெபுலைசரில் விடும் ஆன்டிபயாட்டிக்கும் கடைசியில்தான். சளி மூடியிருக்கும் குழாயில் அவற்றை விட்டால் மருந்து சளி மேல்தான் படியும்.

உப்புநீர் என்றால் 3% அல்லது 7% அடர்த்தியில் கிருமி நீக்கி அடைத்து விற்கும் மருந்து. அது மூச்சுக்குழாய்ச் சுவரிலிருந்து நீரை இழுத்துச் சளியை இளக்குகிறது. சிலருக்கு அதுவே இளைப்பைக் கிளப்பிவிடும். அதனால் முதல் டோஸை மருத்துவமனையில் வைத்துக் கொடுத்துப் பார்ப்பார்கள். சமையல் உப்பைக் கரைத்து நெபுலைசரில் ஊற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

படி 3: மூச்சை நிதானப்படுத்தி, நெஞ்சை விரித்து, ஊதித் தள்ளுதல்

இதுதான் உயிர்நாடி. மற்றதெல்லாம் துணை.

முதலில் தோளைத் தளர்த்தி உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். மூக்கால் மெதுவாக இழுக்கும்போது கை லேசாக முன்னால் வர வேண்டும், விடும்போது உள்ளே போக வேண்டும். தோள் ஏறி இறங்குகிறதென்றால் நீங்கள் இன்னும் நிதானத்துக்கு வரவில்லை. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ, இளைப்பு தணியும்வரை இப்படியே.

அடுத்து, இரண்டு கைகளையும் கீழ் விலாவின் பக்கவாட்டில் வையுங்கள். மூக்கால் ஆழமாக, மெதுவாக இழுங்கள். விலா கையைத் தள்ளுவது தெரிய வேண்டும். மூன்று விநாடி நிறுத்துங்கள். பிறகு அழுத்தம் கொடுக்காமல் தானாக வெளியே விடுங்கள். மூன்று அல்லது நான்கு முறை போதும். அதற்குமேல் தொடர்ந்தால் தலை சுற்றும். அந்த மூன்று விநாடியைப் பலரும் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள். காற்றுப்பைகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத பக்கத் துளைகள் உண்டு. சளி அடைத்த வழியைச் சுற்றிக்கொண்டு காற்று அந்தத் துளைகள் வழியாகப் பின்பக்கம் போய்ச் சேர்வதற்கான அவகாசம் அது.

மறுபடி நிதான மூச்சு, அரை நிமிடம்.

இப்போது ஹஃப். மூக்குக் கண்ணாடியைத் துடைக்க வாயருகே வைத்து 'ஹா' என்று ஆவி விடுவோமே, அதேதான், கொஞ்சம் வேகமாக. வாய் அகலத் திறந்திருக்க வேண்டும், தொண்டையும் திறந்தே இருக்க வேண்டும். மெழுகுவத்தியை அணைப்பதுபோல உதட்டைக் குவித்தால் அது ஹஃப் ஆகாது. தொண்டையில் கரகரவென்று உரசும் சத்தம் வந்தாலும் தவறு, அங்கே குரல்வளை பாதி மூடிக்கிடக்கிறது. சரியாக வந்தால் சத்தம் தொண்டையில் இல்லாமல் வயிற்றிலிருந்து எழுவதுபோல இருக்கும்.

ஹஃபில் இரண்டு அளவு. சளி ஆழத்தில் இருக்கிறது என்று தோன்றினால் நடுத்தரமாக ஒரு மூச்சு இழுத்து, நீளமாக, காற்று கிட்டத்தட்ட தீரும்வரை 'ஹாஆஆ' என்று விடுங்கள். கரகரப்பு மேலே ஏறி நெஞ்சுக்குழியின் உச்சியில் கேட்கத் தொடங்கியதும் பெரிய மூச்சு இழுத்து, குட்டையாக, வேகமாக ஒரு 'ஹா!'. ஒன்று அல்லது இரண்டு ஹஃப், உடனே நிதான மூச்சுக்குத் திரும்புதல். தொடர்ந்து ஊதிக்கொண்டே போனால் வீசிங் வந்துவிடும்.

சளி தொண்டைக்கு வந்துவிட்டதா? இப்போது ஒரே ஒரு இருமல். டப்பாவில் துப்புங்கள்.

இந்தச் சுற்றை முதலிலிருந்து திரும்பச் செய்யுங்கள். அடுத்தடுத்து இரண்டு சுற்றில் ஹஃப் வறட்சியாகக் கேட்டு, சளியும் வராவிட்டால் அன்றைக்குப் போதும். பொதுவாகப் பத்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடம். களைத்துப்போனால் சளி பாக்கி இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

படி 4: எப்படிப் படுப்பது, எப்படி உட்காருவது

எந்தப் பக்கம் சளி அதிகமோ அந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும். வலது நுரையீரலின் கீழ்ப்பகுதி என்றால் இடது பக்கம் சாய்ந்து படுத்து, படி 3-ஐச் செய்யலாம். நம் ஊரில் டிபிக்குப் பிறகு வரும் பிராங்கியெக்டாசிஸ் பெரும்பாலும் மேல்பகுதியில்தான் இருக்கும். அவர்களுக்கு நிமிர்ந்து உட்கார்ந்தாலே சளி கீழ்நோக்கிப் பெரிய குழாய்க்கு வடியும், குட்டிக்கரணம் எதுவும் தேவையில்லை. எந்தப் பகுதி என்று சிடி ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தித் தலைகீழாகக் கிடத்தும் பழைய முறையை இப்போது அதிகம் சொல்வதில்லை. நெஞ்செரிச்சலும் மூச்சுத்திணறலும்தான் கூடும்.

முதுகில் தட்டுவது பற்றி: தானே மூச்சுப் பயிற்சி செய்ய முடிந்தவருக்கு அது அவசியமில்லை. வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தவரின் எலும்பு பலவீனமாக இருக்கலாம். பேரன் பாசத்தில் ஓங்கித் தட்டினால் விலா எலும்பில் விரிசல் விழும்.

படி 5: தண்ணீர் பாட்டில்

ஹஃப் மட்டும் போதவில்லை என்றால் இதைச் சேர்க்கலாம், பிசியோதெரபிஸ்ட் சம்மதத்தோடு. அகல வாயுள்ள ஒரு லிட்டர் பாட்டில், அடியிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுத்தமான தண்ணீர். உள்விட்டம் ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் உள்ள பிளாஸ்டிக் குழாயின் நுனி தண்ணீருக்குள் அடிவரை போக வேண்டும். மீன்தொட்டிக்கு வாங்கும் மெல்லிசுக் குழாய் உதவாது, ஊதவே விடாது. பாட்டிலை மூடக் கூடாது, காற்று வெளியேற வழி வேண்டும்.

மூக்கால் மூச்சிழுத்து, குழாயில் வாய் வைத்து, கன்னம் உப்பாமல் வழக்கத்தைவிடச் சற்று நீளமாக ஊதுங்கள். தண்ணீர் குமிழியிட்டபடியே இருக்க வேண்டும். குழாய் வழியாக ஒருபோதும் உறிஞ்சாதீர்கள். பத்துத் தடவை ஊதிவிட்டு ஹஃபுக்குப் போகலாம். தண்ணீரின் எதிரழுத்தம் தளர்ந்த குழாய்கள் நசுங்காமல் பிடித்துக்கொள்கிறது, குமிழியின் அதிர்வு சளியை அசைக்கிறது. கடையில் விற்கும் அக்கப்பெல்லா, ஃப்ளட்டர் கருவிகளும் இந்த எதிரழுத்தத்தையும் அதிர்வையும்தான் தருகின்றன. தண்ணீரைத் தினமும் கொட்டிவிட்டு, பாட்டிலையும் குழாயையும் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். நெபுலைசர் கப், மாஸ்க்குக்கும் இதே கதி. ஈரமாக மூடி வைத்தால் அதில் வளரும் கிருமியை நாளைக்கு நீங்களே இழுப்பீர்கள்.

ஆவி, கஷாயம், வாழைப்பழம்

ஆவி பிடித்தால் மூக்கும் தொண்டையும் இதமாக இருக்கும். ஆழத்தில் ஒட்டிய சளியை அது பெயர்த்தெடுத்துவிடாது. கொதிக்கும் பாத்திரத்தின் மேல் போர்வை போர்த்திக் குனிவது இளைப்புக்காரருக்கு ஆபத்து, மேலே கொட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் உண்டு. தூதுவளை ரசமும் கற்பூரவள்ளிக் கஷாயமும் சூடான திரவம் என்ற அளவில் நல்லவை. அதற்காக இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய்க்காகத் தண்ணீருக்கு அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான்.

பால், தயிர், வாழைப்பழம் "சளி கட்டும்" என்று நிறுத்திவைப்பது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். பால் நுரையீரலில் சளியைப் பெருக்குவதில்லை, வாயில் எச்சில் கொஞ்சம் கெட்டியாகத் தோன்றும், அவ்வளவே. சிஓபிடியில் எடை குறைந்தால் மூச்சுத் தசைகளும் மெலியும். இளைத்துத் துரும்பாகிவிட்டவரிடமிருந்து இருக்கிற புரதத்தையும் பிடுங்க வேண்டுமா?

கடையில் தானாக வாங்கும் இருமல் சிரப் இன்னொரு வம்பு. கோடீன், டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் கலந்தவை இருமலை அடக்குபவை, சளி உள்ளே தங்கிவிடும். சளியை இளக்கும் மாத்திரைகள் வேறு ரகம், அவையும் மருத்துவர் எழுதினால்தான்.

டப்பாவைப் பாருங்கள்

மூடுவதற்கு முன் ஒரு பார்வை. வழக்கமாக எவ்வளவு வரும், என்ன நிறம் என்று தெரிந்திருந்தால்தான் மாற்றம் தெரியும். அளவு கூடி, வெள்ளை மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறி, இளைப்பும் சேர்ந்தால் தொற்று வந்திருக்கலாம். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள், பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாட்டிக் வாங்காதீர்கள். டிபி வந்து குணமானவருக்கு மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இருந்தால் சளிப் பரிசோதனை மறுபடி செய்தாக வேண்டும். அரசு மருத்துவமனையில் அது இலவசம்.

சளியில் ரத்தம் கண்டால் பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கரண்டிக் கணக்கில் ரத்தம், திடீர் நெஞ்சுவலி, உதடு நீலம் பாய்தல், ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத மூச்சிரைப்பு, காரணமில்லாத தூக்கக் கலக்கம், இவற்றில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நோயாளியைப் படுக்கவைக்காமல், முன்னால் தலையணை கொடுத்துச் சாய்ந்து உட்காரச் செய்யுங்கள்.