காய்ந்துபோன பழைய தோல் ஷூவை மீட்பது எப்படி?

பரணிலிருந்து இறக்கிய தோல் ஷூவை எடுத்தவுடன் வளைத்துப் பார்க்காதீர்கள். பதனிடும்போது தோலின் நார்களுக்கு நடுவே எண்ணெய்ப் பசை ஏற்றியிருப்பார்கள். ஆண்டுக்கணக்கில் அது போனதும் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். அந்த நிலையில் மடக்கினால் படக்கென்று விரிசல் விடும், பிறகு எந்த எண்ணெயாலும் அது ஒன்றுசேராது.

உள்ளே விரலால் தேய்த்துப் பாருங்கள். செம்பொடி ஒட்டினால் தோலே மக்கிவிட்டது. அதற்குச் செலவு செய்ய வேண்டாம். பியூ (பாலியூரித்தேன்) சோல் கட்டைவிரல் அழுத்தத்திற்கே உதிர்ந்தால் சோலை முழுதாக மாற்றத்தான் வேண்டும். மேல்தோல் நன்றாக இருந்தால் அந்தச் செலவு தகும்.

சென்னை வீடுகளில் இருந்த ஷூ என்றால் பூசணம் பூத்திருக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, பால்கனியில் வைத்து பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பழைய பனியன் துணியை அதில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். முதலில் ஷூவின் நாக்கின் (லேஸுக்குக் கீழே இருக்கும் தோல் பட்டை) அடியில் துடைத்து, சாயம் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் ஃபேன் காற்றில் விடுங்கள். வெயில் வேண்டவே வேண்டாம்.

பழைய பாலிஷின் மெழுகுப் படலம் இருக்கும்வரை எண்ணெய் உள்ளே இறங்காது. அதனால் தோல் பொருள்களுக்கென்றே உள்ள சாடில் சோப்பின் நுரையை மட்டும் ஈரத்துணியில் எடுத்துத் தேய்த்து, தையல் ஓரங்களை மெத்தென்ற டூத்பிரஷ்ஷால் சுத்தம் செய்து, வேறு ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஒருமுறை போதும்: தோல் அமிலத்தன்மை உடையது, சோப்பு காரம். வெள்ளைக் காகிதத்தைத் தளர்வாகத் திணித்து, மறுநாள்வரை உலரவிடுங்கள். ஷூவின் வடிவம் காக்க உள்ளே வைக்கும் மரக்கட்டையை (ஷூ ட்ரீ) இப்போதே இறுக்கி நுழைத்தால் விறைத்த தோல் பிளக்கும்.

இனி எண்ணெய். லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த கண்டிஷனர் கிரீம் நல்லது. மிகவும் வறண்டிருந்தால், மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய். ஒரு ஷூவுக்குக் கொண்டைக்கடலை அளவு எடுத்து, விரலாலேயே தேயுங்கள். விரல் மடங்கும் இடத்திலும் நாக்கின் இரு பக்கமும் கூடுதல் கவனம் தேவை. காய்ந்த தோல் முதல் பூச்சை 15 நிமிடத்தில் குடித்துவிட்டு மறுபடி வெளிறி நிற்கும். அவசரப்படாமல் இரவு முழுக்க விட்டு, அடுத்த பூச்சு. பெரும்பாலும் மூன்று, நான்கு பூச்சு பிடிக்கும். அரை மணி கழித்தும் மேலே பிசுபிசுத்தால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய் மிஞ்சினால் தோல் தொய்யும், சோல் பசை விடும், பாலிஷ் பிடிக்காது. வெளிர் நிறத் தோல் நீட்ஸ்ஃபுட்டில் கருக்கும் என்பதையும் மனத்தில் வையுங்கள்.

வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். அன்றைக்குப் பளபளக்கும்; பிறகு திட்டுத்திட்டாகக் கருத்து, சிக்கு வாடை அடிக்கும். மேற்பரப்பு பூம்பஞ்சுபோல் இருக்கும் ஸ்வேட் தோலுக்கு இந்த முறை எதுவுமே ஆகாது.

தோல் இளகிய பிறகு மரக்கட்டையை நுழைக்கலாம். மெல்லிய விரிசல்களை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, லெதர் ஃபில்லரை மெல்லிசாக இரண்டு தடவை நிரப்பி, காய்ந்ததும் அதே நிற கிரீம் பாலிஷ் போடுங்கள். ஆழமாக உள்வரை பிளந்திருந்தால், சென்னையில் தோல் கடைகள் உள்ள பெரியமேட்டில் மெல்லிய தோல் துண்டு வாங்கி, செருப்புத் தைப்பவரிடம் உட்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள்.

மெழுகு பாலிஷை முனையிலும் குதிகாலிலும் மட்டும் பூசுங்கள். மடிப்பில் பூசினால் நடக்கும்போது வெடித்து வெள்ளைக் கோடு விழும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே அரை மணி நேரம் போட்டு நடந்து பழக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர்வரை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காமல், துணிப்பையில் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.