ஸ்விஃப்டுக்கு 16 இன்ச் அலாய் மாட்டுவதற்கு முன்னால்

காருக்குப் பெரிய அலாய் வீல் போடலாமா என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் ஒரு இன்ச் ஏற்றினால் போதும், அதுவும் டயரின் மொத்த உயரம் மாறாமல் ஏற்ற வேண்டும். கடையில் "ஃபிட் ஆகிடும் சார்" என்பார்கள். அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் கணக்கு. மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். டயரில் 185/65 ஆர்15 என்று இருந்தால் அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், அதாவது 120 மி.மீ. சொச்சம். மேலும் கீழும் சேர்த்து 240.5, ரிம் 15 இன்ச் என்பது 381, ஆக மொத்த உயரம் 621.5. இப்போது 195/55 ஆர்16-க்கு இதே கணக்கைப் போடுங்கள், 620.9 வரும். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. ஸ்டாக்கில் இருக்கிறதே என்று 195/60 ஆர்16-ஐ மாட்டிவிட்டால் 640-ஐத் தாண்டிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி நிஜத்தில் 103-ல் போய்க்கொண்டிருக்கும், பிக்கப்பும் மந்தமாகும், முழுசாகத் திருப்பும்போது மட்கார்டின் உள் லைனரில் உரசினாலும் உரசும்.

சரி, என்ன லாபம்? பக்கச்சுவர் குட்டையானதும் வளைவில் டயர் நெளிவது குறையும், ஸ்டீயரிங்கைத் திருப்பியதுமே வண்டி திரும்பும். காய்ந்த ரோட்டில் பிடிப்பும் கொஞ்சம் கூடும். மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டிலோ அகலமான டயர் சீக்கிரம் மிதக்கும், அங்கே வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பள்ளத்தில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். 17 இன்ச் போட்ட வண்டியில் ரிம்மின் உள்பக்க விளிம்பு நெளிந்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது, 80-ஐத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும்போதுதான் தெரியும்.

பலரும் கேட்க மறப்பது எடை. நான் பழைய சக்கரத்தைக் கழற்றி டயரோடு தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, புதியதையும் அதே தராசில் வைத்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அலாய் என்றாலே லேசு என்று நினைக்க வேண்டாம், மலிவான வார்ப்பு அலாய் இரும்பு ரிம்மைவிடக் கனமாக இருப்பதுண்டு. கயிற்றில் கட்டிய கல்லைச் சுற்றும்போது கயிறு நீள நீளக் கை இழுபடுமே, அதே கதைதான்: ரிம் பெரிதாக ஆக எடை அச்சிலிருந்து தள்ளிப் போகிறது, அதைச் சுழற்ற இன்ஜினும் நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்க வேண்டும். மைலேஜ் அங்கேதான் குறைகிறது. சக்கர எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை என்பதால் மேடுபள்ளத்தில் தூக்கிப் போடுவதும் அதிகமாகும்.

டயரின் சுமை எண்ணையும் பாருங்கள். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. அகலமான டயர்தானே, அதிகம் தாங்கும் என்று நினைத்து இதில் ஏமாறுகிறவர்கள் நிறைய. பழைய எண்ணுக்குக் குறையாததையே கேட்டு வாங்குங்கள்.

ரிம்மில் நட்டுகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் ஒத்துப்போக வேண்டும், ஸ்விஃப்டுக்கு 4 நட்டு, 100 மி.மீ. நடுத் துளை, சக்கரம் உட்காரும் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் எத்தனை தடவை பேலன்சிங் செய்தாலும் அதிர்வு நிற்காமல் போகலாம். ஆஃப்செட், அதாவது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற அளவு, கம்பெனி ரிம்முக்குக் கிட்டத்தட்ட இருக்கட்டும். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் பேரிங் சீக்கிரம் தேயும், ஸ்டீயரிங்கும் பக்கவாட்டில் இழுக்கும்.

மாட்டிய பிறகு பின்சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து ஒரு ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்குங்கள், ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி உரசல் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். அலைன்மென்ட் செய்யுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை ஒருமுறை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்புறம், பழைய நட்டுகளைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்; அலாய்க்கான நட்டு இரும்பு ஸ்டெப்னியில் சரியாக உட்காராமல் போகலாம், நாலு பழைய நட்டை ஒரு பையில் போட்டு ஜாக்கியோடு வைத்துவிடுங்கள்.