பெயரை மறைத்துவிட்டுக் கிட்டாரைப் பாருங்கள்: குறைந்த விலை சிக்னேச்சர் மாடலை மதிப்பிடும் முறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குக் கதவு வாங்க வருபவர்களுள் விவரம் தெரிந்தவர்கள், முகப்பில் உள்ள சிற்ப வேலையை ரசிப்பதற்கு முன்பே கதவைத் திருப்பிப் போட்டு, பின்புறத்தில் மரம் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். ஒரு கலைஞரின் பெயரைத் தாங்கி வரும் எலக்ட்ரிக் கிட்டாரையும் அப்படித்தான் அணுக வேண்டும்.

சிக்னேச்சர் மாடல் என்பது ஒரு கலைஞர் தம் கைக்கும் தம் இசைக்கும் ஏற்றபடி செய்துகொண்ட தேர்வுகளின் தொகுப்பு. அவற்றுள் எவை வாசிப்பை மாற்றுகின்றன, எவை தோற்றத்தோடு நின்றுவிடுகின்றன என்று பிரித்து எழுதிக்கொள்வதே முதல் வேலை. ஃபெண்டரின் மலிவு விலைப் பிராண்டான ஸ்குவியர், கிட்டார் கலைஞர் ஜே மாஸ்கிஸ் பெயரில் வெளியிட்ட ஜாஸ்மாஸ்டர் மாடலில், தந்திகளை உடல் பக்கத்தில் தாங்கும் பிரிட்ஜின் வகையே மாற்றப்பட்டிருக்கிறது. பழைய ஜாஸ்மாஸ்டரில் ஓங்கி மீட்டினால் தந்தி தன் இடத்தைவிட்டு நழுவும் என்பதால், இந்த மாற்றம் வாசிப்பவருக்கு நேரடியாகப் பயன்படும். ஐபனீஸ் நிறுவனம் கிட்டார் கலைஞர் பால் கில்பர்ட் பெயரில் வெளியிட்ட மாடல்களில் காணப்படும் எஃப் வடிவத் துளைகளோ வண்ணத்தால் வரையப்பட்டவை. அழகாக இருக்கும், ஆனால் ஒலியில் அவற்றுக்குப் பங்கில்லை. மூல மாடலின் பிக்கப்புகள் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்கள்) மலிவுப் பதிப்பிலும் வருகின்றனவா என்பதையும் பாருங்கள். கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய்க்காக ஐபனீஸ் செய்த ஜெம் கிட்டார் 1987இல் வந்தது. அதன் மலிவுப் பதிப்பான ஜெம் ஜூனியரில் கைப்பிடித் துளையும் கொடி வேலைப்பாடும் அப்படியே இருக்க, பிக்கப்புகள் வேறு.

அடுத்து, அந்தக் கலைஞரின் தேர்வு உங்களுக்குப் பொருந்துமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிட்டார் கலைஞர் டாம் டிலாங் பெயரில் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாடலில் இருப்பது ஒரே ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), ஒரே வால்யூம் குமிழ். ஒலியின் தன்மையை மாற்றும் டோன் குமிழ் கிடையாது. ஒரே வகை இசையை அழுத்தமாக வாசிப்பவருக்கு அது வரம், திருமண வரவேற்பில் மெல்லிசைக் குழுவோடு பத்து வகைப் பாடல்களுக்கு வாசிக்க வேண்டியவருக்கு அது தளை. தந்திகளை இரு முனையிலும் பூட்டிவைத்து, தான் அசைந்தாடும் இரட்டைப் பூட்டு மிதவைப் பிரிட்ஜ் உள்ள மாடல்களில் இன்னும் கூடுதலான எச்சரிக்கை தேவை. அங்கே தந்திகளின் இழுவிசையும் பின்புற ஸ்பிரிங்குகளின் இழுவிசையும் ஒன்றையொன்று சமன்செய்து நிற்பதால், ஒரு தந்தி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். தந்தி மாற்ற அறுகோண ஆலன் சாவியும் பொறுமையும் வேண்டும். முதல் கிட்டார் வாங்குபவர் அதைத் தவிர்ப்பது நல்லது என்பது என் கருத்து.

இனி கிட்டாரைக் கையில் எடுக்கலாம். முதலில் சுருதி சேருங்கள். சுருதி சேராத கிட்டாரில் எந்த அளவும் சரியாக வராது. நெக் எனப்படும் கழுத்துப் பகுதியில் குறுக்கே பதிந்திருக்கும் உலோகக் கம்பிகளே ஃப்ரெட்டுகள். தடித்த தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுகளின் அருகே தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன் அளவுக்கு, ஏறத்தாழ 0.25 மி.மீ. இருந்தால் போதும். இடைவெளி இதைவிட மிகுதியாகவோ, அறவே இல்லாமலோ இருந்தால் நெக்கின் உள்ளே உள்ள ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் நெக் முறுக்கிக்கொண்டிருந்தாலோ, ட்ரஸ் ராட் அசைய மறுத்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்க வேண்டாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் தடித்த பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.5 மி.மீ. என்ற அளவில் இருப்பது பெரும்பாலோருக்கு வசதி.

பிறகு ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் மலிவு விலைக் கிட்டார்களின் குறை பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. மெல்லிய தந்திகளைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் வளைத்து இழுக்கும்போது ஒலி அடைபட்டு நின்றால், பக்கத்து ஃப்ரெட் ஒன்று உயர்ந்திருக்கிறது என்று பொருள். ஏடிஎம் கார்டின் நேர்விளிம்பை மூன்று ஃப்ரெட்டுகளின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தால் உயர்ந்தது எது என்று தெரிந்துவிடும்.

காரைக்குடி என்றாலே வீணை நினைவுக்கு வருபவர்களுக்கு இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். வீணையின் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகில் பதிந்திருப்பதால், சுருதி பிசகினால் மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரின் ஃப்ரெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. அவற்றை நகர்த்த முடியாது. எனவே பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர்மேலே தந்தியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலியையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் ஒலியையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் பிரிட்ஜில் அந்தத் தந்தியைத் தாங்கும் சேடில் என்ற சிறு துண்டை நெக்கிலிருந்து விலகப் பின்னுக்கும், இறங்கியிருந்தால் முன்னுக்கும் நகர்த்த வேண்டும். எல்லை வரை நகர்த்தியும் பிசகு தீராவிட்டால், பிரிட்ஜ் பொருத்தப்பட்ட இடமே தவறாக இருக்கக்கூடும்.

ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேட்கும் சோதனையை வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய கூடத்தில், வைத்துக்கொள்ளாதீர்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் வழவழப்பான சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் திருப்பி அனுப்பி, சுமாரான கிட்டாரையும் கம்பீரமாகக் காட்டிவிடும். மெத்தையும் துணிமணியும் உள்ள சிறிய அறையே சரியான இடம். பழைய வீடுகளின் மின் இணைப்பில் எர்த் சரியாக இல்லாவிட்டால் இரைச்சல் கூடும். ஒற்றைச் சுருள் கொண்ட சிங்கிள் காயில் பிக்கப் இயல்பாகவே 50 ஹெர்ட்ஸ் மின்சார முனகலை உள்வாங்கும் என்பதால், எல்லாப் பழியையும் கிட்டாரின் மேல் போட வேண்டாம். தந்தியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் உள்ளிணைப்பு சரியாக இருக்கிறது. தொட்டதும் கையில் லேசான அதிர்ச்சி தெரிந்தால் உடனே சுவிட்சை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். குமிழ்களின் கரகரப்பு, ஜாக்கின் தளர்ச்சி ஆகியவை சிறு செலவில் தீரும்.

கடைசியாக நம் ஊர் வெயில். மலிவு விலை மாடல்கள் பல இந்தோனேசியாவில் செய்யப்பட்டு, ஈரக் காற்றிலிருந்து நம் வறண்ட கோடைக்கு வந்து சேர்கின்றன. ஈரம் குறைந்து, ஃப்ரெட்டுகள் பதிந்த ஃப்ரெட்போர்டின் மரம் சுருங்கும்போது, சுருங்காத உலோக ஃப்ரெட்டுகளின் முனைகள் ஓரத்தில் துருத்தி நிற்கும். நெக்கின் இரு ஓரங்களிலும் விரலை ஓட்டிப் பார்த்தால் அது உறுத்தும். தேர்ந்தவரிடம் கொடுத்து அரம் போட்டுக்கொள்ளலாம். திருச்சியிலோ மதுரையிலோ நேரில் வாங்கினால் இத்தனையையும் கடையிலேயே பார்த்துவிடலாம். பார்சலில் வந்தால், பிரிப்பதை முழுவதுமாகப் படம்பிடித்து, திருப்பி அனுப்பும் கெடு முடியும்வரை பெட்டியை வைத்திருந்து, கெடு முடிவதற்கு முன்தினம் நெக்கின் இடைவெளியை மறுபடி ஒருமுறை அளந்துவிடுங்கள்.