ஒன்றியப் பள்ளிகளுக்கு ஒரு மாதச் செய்தித்தாள்: தொகுப்பதும் கொண்டு சேர்ப்பதும்

ஓர் ஊராட்சி ஒன்றியத்தில் உள்ள பள்ளிகள் அனைத்துக்கும் சேர்த்து மாதம் ஒரு செய்தித்தாள் வெளியிட விரும்பும் ஆசிரியர்களுக்காகவும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தாள் என்று சொன்னால் தாள்தான்: ஏ4 அளவில் ஒன்று, முன்னும் பின்னுமாக இரண்டு பக்கங்கள், அதற்கு மேல் வேண்டாம். திருவாரூர் மாவட்டத்தில் ஓர் ஒன்றியத்துக்கு இப்படியொரு தாளைச் சில ஆண்டுகள் தொகுத்தவன் நான். ஆசைப்பட்டு நான்கு பக்கங்களாக்கிய மாதங்களில் எல்லாம் கூடுதல் பக்கங்களைச் சிறப்பு விருந்தினர்களின் பெயர்களும் பொன்னாடைகளும்தான் நிரப்பின.

தொடங்குவதற்கு முன், இதைப் படிக்கப்போவது யார் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டெல்டாவின் பல ஊர்களில் பிள்ளையின் தந்தை திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கிறார். தாய் நடவுக்கோ நூறு நாள் வேலைக்கோ சென்றுவிடுகிறார். பள்ளி விவகாரங்களைக் கவனிப்பவர் அப்பாயியோ அம்மாச்சியோதான். அவர்களில் பலருக்குத் தாளைப் பிள்ளையே உரக்கப் படித்துக் காட்டுகிறது. ஆகவே, ஆறாம் வகுப்புப் பிள்ளை திணறாமல் வாசிக்கவும், வாசிப்பதைக் கேட்கும் மூதாட்டிக்கு ஒரே தடவையில் புரியவும் ஏற்றதாக ஒவ்வொரு வாக்கியமும் அமைய வேண்டும். ‘மேற்காண் பொருள் தொடர்பாக’ என்று தொடங்கும் சுற்றறிக்கை நடை இந்தச் சோதனையில் முதல் வரியிலேயே தோற்றுவிடும்.

அடுத்து, எது செய்தி என்பது. இதை நான் ஒரு தவறு செய்துதான் கற்றுக்கொண்டேன். ஒரு மாதம் முதல் பக்கம் முழுவதையும் ஆண்டு விழாப் படங்களுக்குக் கொடுத்துவிட்டு, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கான என்.எம்.எம்.எஸ். என்னும் தேசிய உதவித்தொகைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளை, இடமில்லை என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்தேன். அடுத்த மாதத் தாள் வருவதற்குள் அந்த நாள் கடந்துவிட்டது. ஒரு மூதாட்டி பேத்தியைக் கையில் பிடித்தபடி வந்து, ‘சார், இன்னிக்குத்தான் விவரம் கேட்டேன், தேதி போயிடுச்சுங்கறாங்களே’ என்றார். அந்தத் தேர்வில் தேர்ச்சி பெற்றுத் தெரிவாகும் மாணவருக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும். அதாவது நான்கு ஆண்டுகளில் 48,000 ரூபாய். ஆண்டு விழாவில் எடுத்த ஐந்து படங்களுக்காக அதை ஒரு பிள்ளை இழந்ததா, இல்லை எழுதியும் தெரிவாகியிருக்காதா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் எழுதும் வாய்ப்பே இல்லாமற்போனது என்னால்தான். அன்றுமுதல் முதல் பக்கம் நடக்கப்போவதற்கு, பின்பக்கம் நடந்து முடிந்ததற்கு என்று வகுத்துக்கொண்டேன். இந்த ஒரு விதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்த வேண்டாம்; மற்றவற்றை உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

முதல் பக்கத்தில் வரும் ஒவ்வொரு செய்தியும் என்ன, எந்த நாள், யாருக்கு, என்ன கொண்டு வர வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்ற ஐந்து கேள்விகளுக்கு விடை சொல்ல வேண்டும். எழுதும் முறையைக் காட்ட ஒரு செய்தியையே எடுத்துக்கொள்வோம். பள்ளி ஒன்றிலிருந்து இப்படி ஒரு குறிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘எமது பள்ளியில் மாணவர் நலன் கருதி உதவித்தொகை தொடர்பான விழிப்புணர்வுக் கூட்டம் தலைமையாசிரியர் தலைமையில் இனிதே நடைபெற்றது. ஏராளமான பெற்றோர் கலந்துகொண்டு பயன்பெற்றனர்.’

இதில் செய்தி ஒன்றும் இல்லை. குறிப்பை அனுப்பிய ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்து, கூட்டத்தில் பெற்றோர் கேட்ட முதல் கேள்வி எது என்று விசாரித்தால் போதும், செய்தி தானாக வெளியே வரும். அதன்பின் அதே குறிப்பு இப்படி மாறும்:

‘எட்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் என்.எம்.எம்.எஸ். தேர்வு எழுதலாம். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி இரண்டிலும் படிப்போர் எழுதலாம். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்கக் கூடாது. வருமானச் சான்று தேவைப்படும். அதற்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கடைசி நாளை உங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பு ஆசிரியர் இந்தக் கட்டத்தில் எழுதித் தருவார்.’

கடைசி வரிக்கு ஒரு காரணம் உண்டு. தாள் அச்சுக்குப் போகும் நாளில் கடைசி நாள் அறிவிக்கப்படாமலே இருக்கலாம். அறிவித்த பின் நீட்டிக்கவும் படலாம். அத்தகைய செய்திக்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம் விட்டுவிட்டால், வகுப்பாசிரியர் பேனாவால் எழுதிக் கொடுத்தனுப்புவார். அச்செழுத்தைவிடத் தம் பிள்ளையின் ஆசிரியர் கைப்பட எழுதியதைப் பெற்றோர் அதிகம் மதிக்கின்றனர் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பினருக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வுக்கும் இதே முறையைக் கையாளலாம்.

செய்தி திரட்டுவதில் ஒரு நிர்வாகச் சிக்கல் உண்டு. தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும் வட்டாரக் கல்வி அலுவலரின் கீழும், உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மாவட்டக் கல்வி அலுவலரின் கீழும் வருவதால், ஒரே ஊரில் எதிரெதிரே இருக்கும் இரு பள்ளிகளின் சுற்றறிக்கைகள்கூட வெவ்வேறு வழிகளில் பயணிக்கின்றன. நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடிக்கும் பிள்ளைக்கு அடுத்து எந்தப் பள்ளி, அங்கு எந்தெந்தப் பிரிவுகள் உள்ளன, பேருந்து எத்தனை மணிக்கு என்பவையே மே மாதத்தில் மிக வேண்டிய செய்திகள். இரண்டு அலுவலகங்களில் எதுவும் இவற்றைத் தானாக அனுப்பாது. ஆகவே ஒவ்வொரு பள்ளியிலும் செய்தி தருவதற்கு ஓர் ஆசிரியரையும் மேலாண்மைக் குழுவிலிருந்து ஒரு தாயையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். கல்வி உரிமைச் சட்டம் அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்று கூறுவதால், ஆள் கிடைப்பது கடினமன்று. ஆசிரியர் சுற்றறிக்கையில் உள்ளதைச் சொல்வார்; கழிவறைக்கு இரண்டு வாரமாகத் தண்ணீர் வரவில்லை என்பதைத் தாய்தான் சொல்வார். எழுதி அனுப்பச் சொன்னால் வராது. குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான குறுவள மையக் கூட்டத்துக்கு ஆசிரியர்கள் வரும் நாளைக் கெடு நாளாக வைத்துக்கொண்டால் விடுபட்டதை நேரிலேயே கேட்டு வாங்கிவிடலாம். அரசு ஊழியர்கள் பங்குபெறும் பணி என்பதால், முதல் இதழுக்கு முன்பே வட்டாரக் கல்வி அலுவலரிடமும் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் எழுத்து வழியில் அனுமதி பெற்றுவிடுவது நல்லது.

டெல்டாவின் கல்வியாண்டு, பள்ளி நாட்காட்டியோடு ஆற்று நாட்காட்டியையும் சேர்த்தே ஓடுகிறது என்பதை வெளியூரிலிருந்து மாறுதலில் வரும் ஆசிரியர்கள் முதல் ஆண்டில் அறிவதில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே, அணையில் நீர் இருந்தால், 12ஆம் தேதி மேட்டூர் திறக்கப்படுகிறது. அடுத்து வரும் வாரங்களில் ஆறும் வாய்க்காலும் நிறைந்து ஓடும். கோடை முழுவதும் வறண்ட வாய்க்காலில் விளையாடிய பிள்ளைகளுக்கு அதே இடம் ஆளை இழுக்கும் ஆழமாகிவிடுவதால், ஜூன், ஜூலை இதழ்களில் குளிக்கும் துறைகளைப் பற்றிய எச்சரிக்கை ஊர்ப் பெயரோடும் துறைப் பெயரோடும் வர வேண்டும். ‘நீர்நிலைகளில் கவனமாக இருக்கவும்’ என்ற பொது வாசகம் யாரையும் தடுத்ததில்லை.

உள்ளூர் விடுமுறைகள் அடுத்தவை. திருவாரூர் ஆழித்தேர், நாகூர் கந்தூரி, வேளாங்கண்ணிப் பெருவிழா, தஞ்சைச் சதய விழா போன்றவற்றுக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால், பெரும்பாலும் ஒரு சனிக்கிழமை ஈடுசெய் வேலை நாளாகிறது. விடுமுறை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஈடுசெய்யும் சனிக்கிழமைதான் தெரியாது. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

மழைக்கால இதழ்களில் விடுமுறையை ஊகித்து எழுதவே கூடாது. அது ஆட்சியர் அந்தந்த நாளில் அறிவிப்பது. ஐப்பசி, கார்த்திகையில் கைப்பேசிகளில் சுற்றும் போலி அறிவிப்புகள் போதாதென்று நாமும் குழப்பத்தைக் கூட்ட வேண்டியதில்லை. மாறாக, எந்தத் தரைப்பாலம் எப்போது மூழ்கும், அந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த வழியாக வர வேண்டும், சைக்கிளை எங்கே நிறுத்தலாம் என்பவற்றை அக்டோபர் இதழிலேயே எழுதிவிடலாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பின் இப்பகுதியில் பல பள்ளிகள் நிவாரண முகாம்களாக இயங்கின. புத்தகங்களையும் சான்றுகளையும் நெகிழிப் பையில் கட்டி உயரத்தில் வைக்கச் சொல்லும் இரண்டு வரிகள் ஒவ்வோர் ஆண்டும் அதே இடத்தில் வரட்டும். பழைய செய்தியாயிற்றே என்று விட்டுவிட வேண்டாம்.

கட்டடமும் சமையலறையும் பற்றிய செய்திகளுக்கு இந்த மண்ணில் தனிக் கனம் உண்டு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் ஏற்பட்ட தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். தீ, சமையற்கூடத்திலிருந்து கூரைக்குப் பரவியது. ஆகவே சுவர் விரிசல், மின்கம்பி, பூட்டியே கிடக்கும் இரண்டாவது வாசல் ஆகியவற்றைப் பற்றி வரும் தகவலைச் சிறிய செய்தி என்று ஒதுக்காமல், தலைமையாசிரியருக்கும் அலுவலருக்கும் அன்றே எழுதிவிட்டு, என்ன செய்யப்பட்டது என்பதை அடுத்த இதழில் வெளியிட வேண்டும். குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். ‘தெரிவிக்கப்பட்டது, சரிசெய்யப்பட்டது’ அல்லது ‘தெரிவிக்கப்பட்டது, இன்னும் சரிசெய்யப்படவில்லை’ என்ற ஒற்றை வரியே போதும். இரண்டாவது வகை வரி தொடர்ந்து மூன்று இதழ்களில் வந்தால் வேலை நடந்துவிடும். கிராம சபை கூடும் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களுக்குச் சற்று முன்பாகத் தாள் வெளிவந்தால் இன்னும் நல்லது.

காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டதை இப்பகுதியினர் பெருமையாகச் சொல்வார்கள். ஆனால் அப்பாயிக்கு வேண்டிய செய்தி வேறு: எத்தனை மணிக்குள் பிள்ளை பள்ளியில் இருந்தால் உணவு கிடைக்கும், அன்று உப்புமாவா பொங்கலா. அதைப் போடுங்கள்.

பின்பக்கத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கலைத் திருவிழா, விளையாட்டுப் போட்டி, வானவில் மன்றத்தின் அறிவியல், கணிதச் செய்முறைகள் ஆகியவற்றில் பரிசு பெற்றவர்களோடு பங்குபெற்றவர்களின் பெயர்களும் வரட்டும். தன் பெயர் அச்சில் வந்த தாளைப் பிள்ளை பத்திரமாக வைத்திருக்கும். பெயரின் தலைப்பெழுத்தைத் தமிழிலேயே எழுதி, வகுப்பாசிரியரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். படம் போடுவதற்குப் பெற்றோரின் எழுத்து வழியான ஒப்புதலைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே வாங்கிவிட வேண்டும். பாலியல் வன்முறை போன்ற குற்றங்களால் பாதிப்புக்கு ஆளான குழந்தையின் பெயர், படம், ஊர், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும், ஒப்புதல் இருந்தாலும், வெளியிடக் கூடாது. போக்சோ சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் அதைத் தடை செய்கின்றன. உதவித்தொகையோ இலவசப் பொருளோ பெறும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுக்கும் வழக்கத்தையும் விட்டுவிடலாம். பெறுவது அவர்கள் உரிமை. அதை ஊர் பார்க்க வேண்டியதில்லை.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு தொல்லை காத்திருக்கிறது. ஆசிரியர்கள் கைப்பேசியில் யூனிகோடில் தட்டச்சு செய்து அனுப்புவார்கள். சிறு நகர அச்சகங்கள் சிலவற்றில் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் அமைக்கிறார்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறி, ‘கொடி’ என்பது வேறெதுவாகவோ ஆகிவிடும். கணினித் திரையில் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்லாமல், ஒரு படி எடுத்துத் தேதிகளையும் பெயர்களையும் விரல் வைத்துப் படியுங்கள். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமானது. ஆயினும் பழைய கோப்பின் மேலேயே புதிய இதழை அமைத்ததால், அங்குள்ள நண்பர் ஒருவரின் தாளில் நாகப்பட்டினம் மாவட்டம் என்ற தலைப்பு பல மாதங்கள் அப்படியே கிடந்தது. படித்த எவரும் சொல்லவில்லை. தலைப்பை யாரும் படிப்பதில்லை.

கொண்டு சேர்ப்பதற்குப் பிள்ளைகளின் பையை மட்டும் நம்ப வேண்டாம். பையின் அடியில் கசங்கிய தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு படியை நியாயவிலைக் கடைச் சுவரிலும், ஒன்றைத் தேநீர்க் கடையிலும், ஒன்றைப் பேருந்து நிழற்குடையிலும் ஒட்டிவிட்டு, மீதியை வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தனுப்புங்கள். திருப்பூரிலிருந்து தந்தை வாரக் கடைசியில் ஊருக்கு வருவதாக இருந்தால், சனிக்கிழமை இரவு தாள் வீட்டில் இருக்கும்.