வீட்டுவழிக் கல்வியில் வடிவியல்: எந்தப் புத்தகம்?

ஓசூர், பாலக்கோடு பக்கம் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைப்பவர்கள், வடிவியலுக்குப் புத்தகம் வாங்கும் முன் எந்தத் தேர்வு என்பதை முடிவு செய்துவிடுங்கள். தனித்தேர்வராகத் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு எழுதுவதானால் சமச்சீர்ப் புத்தகமே போதும். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த வினாத்தாளில் செய்முறை வடிவியலுக்கு மட்டும் 8 மதிப்பெண். அடிப்பக்கம், உச்சிக்கோணம், நடுக்கோடு கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வார்கள். மத்தியப் பாடத்திட்டத்துக்கான என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலோ வரைதல் பாடத்தையே நீக்கிவிட்டார்கள். அதை மட்டும் நம்பிப் படித்த பிள்ளை இங்கே திணறும். வீட்டில் படிப்பவர்கள் எழுதக்கூடிய இன்னொரு தேர்வு தேசியத் திறந்தநிலைப் பள்ளியினுடையது (என்ஐஓஎஸ்); அதன் கணிதப் பாடத்தில் வரைதலும் உண்டு.

கூடுதலாக விலை கொடுத்து ஒன்று வாங்க நினைத்தால், கடையிலேயே ஒரு பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை என்று சொல்லிவிட்டு நேராகக் கணக்குக்குத் தாவுகிறதா? அப்படியே வைத்துவிடுங்கள். உச்சி வழியாக அடிப்பக்கத்துக்கு ஓர் இணைகோடு வரைந்து, ஒன்றுவிட்ட கோணங்களைக் காட்டி, ஏன் 180 என்று பிள்ளையையே சொல்ல வைக்கும் புத்தகம் கிடைத்தால் விலை பார்க்க வேண்டாம்.

ஜியோஜீப்ரா மென்பொருள் இலவசம்தான், புள்ளியை நகர்த்திப் பார்க்க அருமையானது. ஆனால் தேர்வில் கவராயம்தான் கை கொடுக்கும். பென்சில் ஆடாத, திருகு இறுக்கமான கவராயமாகப் பார்த்து வாங்குங்கள்.