குத்துச்சண்டை மேடையிலும் கபடிக் களத்திலும் இராணுவ வீரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இந்திய இராணுவத்தின் எந்த யூனிட்டிலும் மாலை நேரத்து கேம்ஸ் பரேடு காலைப் பயிற்சிக்கு நிகரான ஒழுங்குடன் நடக்கும். 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற பதம் பகதூர் மல், 1966இலும் 1970இலும் பாங்காக்கில் வென்ற ஹவா சிங், 1982இல் டெல்லியில் வென்ற கௌர் சிங், 2018இல் மீண்டும் ஜகார்த்தாவில் வென்ற அமித் பங்கால் ஆகிய குத்துச்சண்டை வீரர்கள் எல்லோருமே இராணுவச் சீருடை அணிந்தவர்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, கபடி ஆகிய நான்கும் படையில் நன்கு வேரூன்றியவை. ஆனால் இவற்றை வெளியில் ஆடும் ஒருவருக்கும் படையில் இருந்துகொண்டு ஆடுபவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. வெளியாளுக்குக் கையெலும்பு முறிந்தால் அந்தப் பருவத்து ஆட்டம் போகும். படைவீரருக்கு அதோடு துப்பாக்கிப் பயிற்சி, காவல் பணி, மருத்துவத் தரம், பதவி உயர்வு என்று ஒவ்வொன்றாகக் கேள்விக்குள்ளாகும். நடைமுறையில் காணப்படும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டை மறப்பதாலோ, அதற்கு அளவுக்கு மீறி அஞ்சுவதாலோ வருகின்றன.

அச்சத்தால் வரும் தவறுதான் முதன்மையானது. காயத்தை மறைப்பது அது. படையில் ஒருவரின் உடல்நிலை ‘ஷேப்’ என்ற ஐந்து கூறுகளால் அளக்கப்படுகிறது. மனநிலை, செவித்திறன், கைகால்கள், பொதுவான உடல்திறன், பார்வை ஆகியவையே அந்த ஐந்து. ஐந்திலும் முதல் நிலையில் இருப்பவர் ‘ஷேப் ஒன்’. ஏதேனும் ஒன்றில் தரம் குறைந்தால் அவர் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’ ஆகிறார். பதவி உயர்வு, சிறப்புப் பயிற்சி வகுப்புகள், ஐ.நா. அமைதிப் படைப் பணி ஆகியவற்றுக்கான வாய்ப்புகள் அப்போது சுருங்கிவிடுகின்றன. இதனால்தான் கேட்டகரி என்ற சொல்லைக் கேட்டாலே ஜவான்கள் யூனிட்டின் மருத்துவப் பரிசோதனை அறையான எம்.ஐ. ரூம் இருக்கும் பக்கம் போவதில்லை. ஆனால் தற்காலிகத் தரக்குறைப்பும் நிரந்தரத் தரக்குறைப்பும் ஒன்றல்ல என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. தற்காலிகமாகக் குறைக்கப்பட்ட தரம் வழக்கமாக 24 வாரங்கள் போன்ற ஒரு காலக்கெடுவுடன் வருகிறது. மறுபரிசோதனையில் தேறினால் பழைய தரம் திரும்பக் கிடைக்கும்.

கபடியில் அடிக்கடி நிகழும் முழங்கால் காயத்தை எடுத்துக்கொள்ளலாம். ரெய்டு சென்றவரின் கணுக்காலை எதிரணியினர் பிடித்துக்கொள்ள, அவர் நடுக்கோட்டை நோக்கி உடலைத் திருப்பும்போது முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஓர் ஒலி கேட்கிறது. ஓரிரு மணி நேரத்துக்குள் மூட்டு பலூன் போல வீங்குகிறது. இவ்வளவு விரைவான வீக்கம் மூட்டுக்குள் இரத்தம் கசிவதைக் காட்டுகிறது, ஏ.சி.எல். எனப்படும் தசைநார் கிழிந்திருக்கக்கூடும் என்று உடனே ஐயுற வேண்டிய நிலை அது. சிக்கல் என்னவென்றால், இரண்டு மூன்று வாரங்களில் வீக்கம் வடிந்து, நேராக நடப்பதும் மெதுவாக ஓடுவதும்கூட இயலும். வலிநிவாரணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, முழங்காலுக்கு ஒரு எலாஸ்டிக் உறையை மாட்டிக்கொண்டு, பி.பி.இ.டி. என்ற படை உடல்திறன் தேர்வின் 5 கிலோமீட்டர் ஓட்டத்தை முடித்துவிட்டவர்கள் உண்டு. தசைநார் இல்லாத மூட்டு திசை திரும்பும்போதெல்லாம் நழுவும். ஒவ்வொரு நழுவலும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிக்கும். முதல் வாரத்திலேயே காட்டியிருந்தால் அறுவை சிகிச்சை, முறையான பிசியோதெரபி, குறைந்தது 9 மாதம் கழித்து மீண்டும் களம் என்று முடிந்திருக்கக்கூடிய ஒன்று, மறைத்ததாலேயே நிரந்தரக் கேட்டகரியில் போய் நிற்கிறது. கேட்டகரிக்குப் பயந்து மறைத்தவரே கேட்டகரியை வலியத் தேடிக்கொள்கிறார்.

தலையில் படும் அடி இதைவிடக் கடுமையான விஷயம், ஏனென்றால் அங்கே வீக்கம் வெளியே தெரிவதில்லை. யூனிட்டின் உட்பிரிவுகளான கம்பெனிகளுக்கு இடையிலான குத்துச்சண்டைப் போட்டியில் ஒருவர் விழுந்து எழுந்து மூலையில் வந்து அமர்ந்தால், உடனிருப்பவர்கள் அவருடைய பெயரையும் படை எண்ணையும் கேட்பார்கள். அவர் சரியாகச் சொல்வார். “ஒன்றுமில்லை, சரியாகத்தான் இருக்கிறார்” என்று முதுகில் தட்டிக் கொடுப்பார்கள். படை எண் என்பது உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வாயில் வரும் ஒன்று. அதைச் சொன்னதால் மூளை நலமாக இருக்கிறது என்று பொருளாகாது. இது எந்தச் சுற்று, முந்தைய சுற்றில் என்ன நடந்தது, டிசம்பரில் தொடங்கி மாதங்களைப் பின்னோக்கிச் சொல்ல முடிகிறதா என்று கேட்க வேண்டும். தடுமாற்றம், குமட்டல், மங்கலான பார்வை, வழக்கத்துக்கு மாறான எரிச்சல் ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் அன்றைய ஆட்டம் அவருக்கு முடிந்துவிட்டது. நினைவிழந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது தவறான எண்ணம். நினைவிழக்காமலேயே மூளை அதிர்ச்சி அடைபவர்களே மிகுதி.

பன்னாட்டு அமெச்சூர் குத்துச்சண்டை விதிகளில், தலையில் பட்ட அடியால் நாக்-அவுட் ஆனவர் குறைந்தது 30 நாள்கள் போட்டியிலோ ஸ்பாரிங் எனப்படும் பயிற்சி மோதலிலோ இறங்கக் கூடாது என்ற தடை உண்டு. மூன்று மாதத்துக்குள் இரண்டாம் முறை நேர்ந்தால் அந்தத் தடை 90 நாள்களாக நீளும். யூனிட் அளவிலான போட்டிகளில் இதை யார் கணக்கு வைப்பது என்பதே பல இடங்களில் தீர்மானிக்கப்படுவதில்லை. அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கழகத்தில், பயிற்சி பெறும் மாணவர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட குத்துச்சண்டை வகுப்பே மூளை அதிர்ச்சிகளுக்கு ஒரு பெரிய காரணமாக இருந்தது 2015இல் வெளியே வந்து பெரும் விவாதமாயிற்று. இருட்டறையில் நாள் கணக்கில் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையும் இப்போது மாறிவிட்டது. முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, பிறகு நடை போன்ற இலகுவான அசைவு, அதன்பின் படிப்படியான பயிற்சி என்பதே இன்றைய முறை. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள் தர வேண்டும், மருத்துவர் ஒப்புதல் தந்த பிறகே மோதலுள்ள பயிற்சிக்குத் திரும்ப வேண்டும். விளையாட்டை நிறுத்தியதோடு கடமை முடிந்ததாக நினைத்து, அடிபட்டவரை அன்றிரவே சென்ட்ரி டியூட்டி என்ற காவல் பணிக்கு அனுப்புவது இன்னொரு தவறு. உறக்கம் தேவைப்படும் மூளையோடு, எதிர்வினை மந்தமான நிலையில், குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு ஒருவரை நிறுத்துவது அவருக்கும் நல்லதல்ல, அவரைத் தாண்டி நடப்பவர்களுக்கும் நல்லதல்ல. லடாக்கின் லே போன்ற உயரமான இடங்களில் இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்ளும். தலைவலியும் வாந்தியும் மலையேற்ற நோய்க்கும் மூளை அதிர்ச்சிக்கும் பொதுவான அறிகுறிகள் என்பதால், உயரத்துக்கு உடலைப் பழக்கும் முதல் 6 நாள்களில் அங்கே மோதல் விளையாட்டு எதையும் வைக்காமல் இருப்பதே அறிவுடைமை.

அடுத்தது காகிதம் தொடர்பான தவறு. காயம் பட்ட அன்றே எம்.ஐ. ரூம் பதிவேட்டில் அது ஏறாவிட்டால், ஐந்தாண்டு கழித்து மூட்டு தேய்ந்து நிற்கும்போது, இது பணிக்காலத்தில் விளையாடியபோது வந்தது என்று நிறுவுவது கடினம். ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம், காயம் பணியால் விளைந்ததா அல்லது பணியால் மோசமடைந்ததா என்ற ஒரே கேள்வியைச் சுற்றி நிற்கிறது. 1982ஆம் ஆண்டு விதிகள் இதை மிகத் தெளிவாகப் பிரித்தன: படை அணியின் உறுப்பினராகப் போட்டியில் ஆடுவதும், உள்ளூர்ப் படை அதிகாரியின் ஒப்புதலோடு பரேடு நேரத்துக்கு வெளியே ஆடுவதும் பணியாகவே கருதப்பட்டன, ஆனால் தனிப்பட்ட முறையில் ஒருவர் போய் போட்டியில் கலந்துகொண்டால், முன் அனுமதி பெற்றிருந்தாலும்கூட, அது பணியாகக் கருதப்படவில்லை. அதன்பின் 2008இலும் 2023இலும் புதிய விதிகள் வந்துள்ளதால், நடப்பு விதியை யூனிட் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில் நம் ஊர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொங்கல் விடுப்பில் வரும் ஜவானை ஊர்க் கபடி அணி விடுவதில்லை. “மிலிட்டரிக்காரர் இருக்கும்போது நமக்கென்ன கவலை” என்று மாமன் மச்சான் உறவில் அழைப்பவர்களிடம் மறுப்பது எளிதுமல்ல. களம் பாய் விரித்த ஆடுகளமாக இருக்காது. வைக்கோல் தூவிய கட்டாந்தரையாகவோ, அன்று காலை தண்ணீர் தெளித்த செம்மண்ணாகவோ இருக்கும். அருகில் மருத்துவர் இருக்க மாட்டார். அங்கே தோள்பட்டை கழன்றால், ஊரில் கட்டுப் போட்டுக்கொண்டு விடுப்பு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பி, அங்கே முதல் நாள் ஆட்டத்தில் விழுந்ததாகச் சொல்லலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது பொய் அறிக்கை. காயத்தைவிடப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். விடுப்பில் காயம் பட்டால் அருகிலுள்ள இராணுவ மருத்துவமனையிலோ அரசு மருத்துவமனையிலோ காட்டி, ஆவணங்களை வாங்கி, யூனிட்டுக்கு உடனே தெரிவிப்பதே வழி.

எடைப் பிரிவுக்காக உடலை வற்றச் செய்வது மல்யுத்த வீரர்களும் குத்துச்சண்டை வீரர்களும் செய்யும் தவறு. 1997ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர், வியர்வையை வெளியேற்றும் உடையணிந்து வெப்பத்தில் பயிற்சி செய்து எடை குறைக்க முயன்றபோது இறந்தனர். அதன் பிறகே அங்கே விதிகள் மாறின. படைவீரருக்கு எடை பார்க்கும் நாளோடு வேலை முடிவதில்லை. மறுநாள் சுமையோடு ஓட வேண்டியிருக்கலாம், வற்றிய உடலுக்கு அந்த வெயில் போதும். சிலர் மருந்துக்கடையில் சிறுநீர் பெருக்கி மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். ஃப்யூரோசெமைடு உள்ளிட்ட அந்த மருந்துகள் போட்டி நாளில் மட்டுமன்றி எந்நாளும் தடை செய்யப்பட்டவை. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், எதற்காகப் போட்டோம் என்ற விளக்கம் தப்பவைக்காது.

சிறியவையாகத் தோன்றும் சிலவும் உண்டு. வீரர்கள் தங்கும் பாரக்கில் ஒரே கயிற்றில் காயும் துண்டுகள் மாறிப் போவதால் மல்யுத்த வீரர்களிடையே படர்தாமரை வேகமாகப் பரவும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பு அரிப்பை அடக்கிப் பூஞ்சையை வளர்க்கும். லேசிக் முறையில் கண் அறுவை செய்தவர்கள், கருவிழியில் வெட்டி மூடப்பட்ட படலம் ஆண்டுகள் கழித்தும் ஒரு குத்தில் விலகக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். காது வீங்கி மென்மையாக இருந்தால் சில நாள்களுக்குள் அதை வடித்துவிட வேண்டும். ‘பயில்வான் காது’ என்று பெருமையாகச் சுமப்பது அழகல்ல.

இறுதியாக, போட்டியை நடத்துபவர்கள் செய்யும் தவறுகள். புதிய ரெக்ரூட்டுகளை எடை மட்டும் பார்த்து, அனுபவம் பார்க்காமல் ஜோடி சேர்ப்பதும், ஹவில்தாருடன் சிப்பாயை ஸ்பாரிங் விடுவதும் ஆபத்தானவை. மேலதிகாரியைத் திருப்பி அடிக்கத் தயங்கும் கை தன் முகத்தையும் காக்காது. முன்வரிசையில் கமாண்டிங் அதிகாரி அமர்ந்திருக்கும்போது ஆட்டத்தை நிறுத்த நடுவர் தயங்கக் கூடாது என்பது போட்டிக்கு முன்பே எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட வேண்டும். மருத்துவ அதிகாரியின் நாற்காலி விருந்தினர் வரிசையில் அல்ல, மேடைப் படிக்கட்டின் அருகில் இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டுநர் கூட்டத்தில் நின்று கைதட்டிக்கொண்டிராமல் வண்டியில் இருக்க வேண்டும், சாவி அவரிடமே இருக்க வேண்டும்.